ஹென்றி தட்டினால் வரும்

ஹென்றியின் கையை எந்தப் பிராணியும் கடித்ததில்லை. இது பெருமைப்படுகிற விஷயம் என்று நினைப்பவர்கள், அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் நினைக்கலாம்.

அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் விலங்கியல் துறை அட்டெண்டர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். துறைக் கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை ஒன்று இருந்தது. 'அனிமல் ஹவுஸ்' என்று போர்டு. ஒரு பக்கம் வெள்ளெலிகள், எதிர்ப் பக்கம் முயல்கள். தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, அடியில் வைக்கோல் பரப்புவது எல்லாம் ஹென்றி. பிராக்டிகல் நடக்கும் காலையில், வேண்டியதை எடுத்துக்கொண்டு போய், குளோரோஃபார்ம் பஞ்சு போட்ட கண்ணாடி ஜாடிக்குள் இறக்கி மூடுவதும் ஹென்றிதான். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளைகள் அதை மெழுகுத் தட்டில் மல்லாத்திப் போட்டு, நான்கு காலுக்கும் குண்டூசி குத்துவார்கள்.

மற்ற கல்லூரிகளில் இதற்குத் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு எலியைத் துரத்துவார்களாம். அது கத்துமாம், கடிக்குமாம். ஹென்றிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஒரு காலி பால்பவுடர் டப்பாவில் பொட்டுக்கடலை போட்டு வைத்திருந்தார். நகத்தால் மூன்று தட்டு. அத்தனையும் கூண்டுக் கதவோரம் வந்து முண்டும். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உட்கார்த்திக் கடலை கொடுத்து, திரும்ப விட்டுவிடுவார். இப்படிப் பத்து நாள். பதினோராம் நாள் திரும்ப விடமாட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஹென்றி தட்டினா வரும்யா, தானா நடந்து வரும்" என்று பேராசிரியர்கள் புதிதாக வருபவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். ஹென்றியும் சிரித்துவைப்பார். சிரிக்காமல் என்ன செய்வது, வேலை அது.

பிறகு ஒரு வருஷம் உத்தரவு வந்தது. இனிமேல் பிராணிகளை அறுக்க வேண்டாம், கம்ப்யூட்டரில் பார்த்தால் போதும் என்றார்கள். கூண்டுகளைக் காயலான் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். மீதி சர்வீஸை ஹென்றி பாட்டில்களில் ஃபார்மலின் மாற்றி ஓட்டினார். ரிட்டயரான அன்று சால்வையோடு அந்த டப்பாவையும் கொண்டுவந்தார். எதற்காக என்று அவருக்கே தெரியாது. அவர் மனைவி டோரதி அதைச் சமையலறைக்குள் விடவில்லை. பாத்ரூம் பரணில் பழைய பக்கெட்டுகளுக்குப் பின்னால் கிடந்தது.

சாந்தோமில், கோயில் மணி கேட்கிற தூரத்தில், இரண்டு அறை வீடு. டோரதி நர்சரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் டியூஷன் எடுத்தார். ஹென்றி காலையில் பூசைக்குப் போவார், பேப்பர் படிப்பார், கடற்கரை வரை நடப்பார். வீட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்த்ததில்லை. தெருநாய் வாலாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தால் நகர்ந்து போய்விடுவார்.

ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் அந்தக் கல்லூரி வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "அது உன் உத்தியோகம்ப்பா, பாவம் இல்ல" என்றார் ஃபாதர். ஹென்றி மரியாதையாக எழுந்து வந்துவிட்டார். கொன்றதைப் பற்றி அவர் சொல்ல வரவில்லை. கொன்றது எல்லோரும் செய்ததுதான். நம்பி வந்ததைக் கொன்றதுதான் அவரை அரித்தது. தட்டினால் வருகிற ஒரே ஒரு பிராணி, வந்துவிட்டு உயிரோடு திரும்பிப் போய், கிழடு தட்டி, தன் பாட்டுக்கு ஒரு மூலையில் செத்தால் போதும் என்று ரகசியமாக ஒரு ஆசை இருந்தது அவருக்கு. அறுபது வயதுக்கு மேல் ஒருவர் படுகிற ஆசையா இது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

டோரதியிடம் கணக்குப் படிக்க ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஆயத் என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். ஒன்பது வயது. அப்பா ஷோயப், தி. நகரில் லேஸும் லைனிங் துணியும் விற்கும் கடைக்காரர். ஜூன் மாதம் ஒரு நாள் கண் சிவந்து வந்து உட்கார்ந்தாள். வீட்டில் இரண்டு சின்சில்லா வாங்கியிருக்கிறார்கள். கூண்டைத் திறந்து விட்டால் திரும்ப உள்ளே போவதில்லை. நேற்று அம்மா துண்டைப் போட்டுப் பிடித்ததில் ஒன்றின் முதுகில் கொத்தாக முடி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"எங்க சாரைக் கூட்டிட்டுப் போ" என்றார் டோரதி. "காலேஜ்ல எலி, முயல் எல்லாம் இவர்தான் பாத்துக்கிட்டாரு."

பாத்துக்கிட்டாரு. டோரதி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஹென்றி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். டோரதி பார்வையைத் திருப்பவில்லை. போங்கள் என்கிற பார்வை அது. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அந்த ரகசிய ஆசை தெரியாமலா இருக்கும்.

மூன்றாவது மாடி வீடு. ஒரு அறையில் எந்நேரமும் ஏசி ஓடியது. குளிர்ந்த மலைப் பிரதேசத்துப் பிராணியாம், நம் ஊர் வெயில் தாங்காதாம். அணிலைவிடப் பெரிசு, முயலைவிடச் சின்னது. சாம்பல் நிறத்தில் ஒரு பந்து முடி, அதில் இரண்டு காது. துணிக்கடைக்காரர் மகள் அல்லவா, ஒன்றுக்கு மல்மல், இன்னொன்றுக்கு சாட்டின் என்று பேர் வைத்திருந்தாள். மல்மல் முதுகில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சொட்டை. பீரோவுக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கண்கள் ஹென்றியைப் பார்த்தன.

ஆயத்தின் அம்மா ருக்சார் குற்றவாளிபோல நின்றாள். "கத்தி, துரத்தி, துடைப்பம் வரைக்கும் எடுத்துட்டேன் அங்கிள். தப்புன்னு தெரியுது. ஆனா விடிய விடிய வெளியவே கிடந்தா ஒயரைக் கடிச்சிடுதே."

"இன்னாம்மா நீ" என்றார் ஹென்றி. "நம்மள ஒருத்தன் துண்ட எடுத்துக்கினு தொரத்தினா நாம மட்டும் உள்ள போவமா? எந்த சந்து கீதுன்னு பாத்து ஓடமாட்டமா?"

ஆயத்துக்குச் சிரிப்பு வந்தது. ஹென்றி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

டப்பாவை எடுக்கக் கூடாது என்று முதலில் வைராக்கியமாக இருந்தார். பத்து நாள் வெறும் கையோடு போய் உட்கார்ந்து வந்தார். கூண்டைத் தரையில் இறக்கி வைத்தார். அவை புரண்டு குளிக்கிற மண்பொடிக் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்தார். பயம் தெளிந்தது, பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தன, முழங்காலில் ஏறி இறங்கின. கூண்டுக்குள் மட்டும் போகவில்லை. பதினோராம் நாள் பரணில் கையை விட்டு டப்பாவை எடுத்தார். டோரதி அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, புதுக் கடலை போட்டுக் கொடுத்தார்.

"பாரு பாப்பா" என்று ஆயத்துக்குச் சொன்னார். "இதுக்கு இன்னா பயம்? உள்ள போனா கதவ சாத்திடுவாங்கன்னு பயம். அதனால பத்து தபா கூப்டணும். ஒம்போது தபா கதவ சாத்தவே கூடாது. உள்ள போச்சா, கடலை துன்னுச்சா, திரும்பி வெளிய வரட்டும். அப்ப பத்தாவது தபா பயப்படாம போவும்."

"காலேஜ்லயும் இப்படித்தான் பண்ணுவீங்களா அங்கிள்?"

"ஆமா பாப்பா."

"அந்த முயல் எல்லாம் இப்ப எங்க இருக்கு?"

ஹென்றி டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அதெல்லாம் வேற எடத்துக்குப் போய்ச்சி" என்றார் கடைசியில்.

மூன்று தட்டு. மல்மல்தான் முதலில் வந்தது. மூக்கை நீட்டி, பின்வாங்கி, மறுபடி நீட்டி, ஒரே தாவலில் கூண்டுக்குள் போய் அவர் விரலிடையிலிருந்து பாதிக் கடலையைப் பறித்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்துக் குழந்தை பிஸ்கட் தின்பதுபோலத் தின்றது. கதவு திறந்தே இருந்தது. தின்றுவிட்டு வெளியே வந்து அவரைப் பார்த்தது.

ஒரு மாதத்தில் வேலை முடிந்தது. டப்பாச் சத்தம் கேட்டால் இரண்டும் எங்கிருந்தாலும் ஓடிவந்து கூண்டுக்குள் ஏறிக்கொண்டன. அன்று ருக்சார் ஒரு டிபன் கேரியர் நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினாள்.

"கதவ சாத்திட்டு வந்தேன் டோரதி" என்றார் வீட்டுக்கு வந்து. "நாளைக்கிப் போய்த் தொறந்தா ரெண்டும் வெளிய வரும். உசுரோட வரும்." அறுபத்திரண்டு வயது மனிதர், பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். டோரதி சோற்றில் கண்ணீர் விழாமல் தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

வேலை முடிந்த பிறகும் அவர் போவதை நிறுத்தவில்லை. தினம் சாயங்காலம் லஸ் பக்கமாகப் பஸ் ஏறி, அங்கே போய் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, திரும்பி வருவார். சாட்டின் கொஞ்சம் ஒதுங்கியே இருக்கும். மல்மல் அவர் சட்டைப் பைக்குள் தலையை விட்டுக் கடலை தேடும். ஷோயப் எங்கிருந்தோ கட்டுக் கட்டாகக் காய்ந்த புல் வரவழைத்து வைத்திருந்தார். ஹென்றி அதை நன்றாக உதறி, கட்டி இல்லாமல், கூண்டுக்கு அடியில் மெத்தென்று பரப்பி விடுவார். அனிமல் ஹவுஸில் அப்படித்தான். வைக்கோல் என்றால் படுக்கை.

"மல்மல் புல்லே சாப்பிடறதில்ல அங்கிள்" என்று ருக்சார் ஒரு தடவை சொன்னாள்.

"காஞ்ச புல்ல யாரும்மா துன்னுவாங்க? கடலை துன்னுதில்ல, அது போதும்" என்றார். முப்பத்தொரு வருஷ அனுபவஸ்தர் சொல்லும்போது அவள் என்ன மறுத்துப் பேசுவாள். சரி என்று விட்டுவிட்டாள்.

அடுத்த மே மாதம் மல்மலின் தாடை ஈரமாக இருந்தது. வெயில்தான் காரணம் என்று ஹென்றி நினைத்தார். பிறகு ஒரு கண்ணில் நீர் வடிந்தது. முழுக் கடலையைக் கடிக்க முடியாமல் வாயிலிருந்து கீழே விட்டது. ஹென்றி கடலையைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து விரல் நுனியில் வைத்து ஊட்டினார். யார் கொடுத்தாலும் தொடாதது அவர் விரலை மட்டும் நக்கியது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் விரலைப் பார்க்கப் பிடிக்காது.

அடையாறில் ஒரு பிராணி மருத்துவரிடம் போனார்கள். நிதானமான பெண்மணி. எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"பல்லோட வேர் கண்ணுக்கு அடி வரைக்கும் ஏறிடுச்சு. கீழே தாடை எலும்பைக் குத்திட்டு இருக்கு. வாயைத் திறந்தாலே வலிக்கும். இதுங்களுக்குப் பல் சாகிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை அரைச்சாதான் தேயும். புல் எவ்வளவு சாப்பிடும்?"

"சாப்பிடாது டாக்டர்" என்றாள் ருக்சார். "அங்கிள் கையால பொட்டுக்கடலைன்னா மட்டும் சாப்பிடும்." அவள் குறை சொல்லவில்லை. ஒரு வருஷமாகப் பெருமையாகச் சொல்லிவந்ததை அப்படியே சொன்னாள்.

மருத்துவர் ஹென்றியைப் பார்த்தார்.

"புல்லு படுக்கைன்னு நெனச்சேன் டாக்டரம்மா" என்றார் ஹென்றி. "காலேஜ்ல வருசக்கணக்கா எலி, முயல் பாத்துக்கினேன். எல்லாத்துக்கும் இதான் குடுத்தேன். ஒண்ணுக்குக்கூட பல்லு கெட்டதில்ல."

"ஒரு முயலை எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க?"

ஹென்றி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. மூன்று மாதம். ரொம்பப் போனால் நான்கு. முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையில் ஒரு பிராணிகூடப் பல் கெடுகிற வயதுவரை இருந்ததில்லை. குட்டியிலிருந்து ஜாடி வரைக்கும் எப்படி வளர்ப்பது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு பிராணிக்கு என்ன வேண்டும் என்று கற்றுக்கொள்ள அவருக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

"மூணு மாசம்" என்றார்.

மருத்துவர் வலிக்கு மருந்து எழுதினார். இரண்டு நாள் பாருங்கள், வாய் வைக்கவில்லை என்றால் கொண்டுவந்துவிடுங்கள், ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாம், பட்டினியும் வலியுமாக விட்டுவைப்பது பாவம் என்றார்.

அந்த இரண்டு நாளும் ஹென்றி அங்கே போகவில்லை. மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் ருக்சார் போன் செய்தாள். மல்மல் மருந்துகூட இறங்காமல் கிடக்கிறது. டாக்டர் ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். எடுக்கப் போனால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிவிட்டது. கையை விட்டால் முடி கையோடு வருகிறது.

"நான் வரல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

டோரதி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நீங்க போகலேன்னா கட்டிலை நகர்த்தித் துண்டு போட்டு இழுப்பாங்க. அந்த நிலைமையில அது அதையும் தாங்கணுமா?"

"இன்னொரு தபா என்னால முடியாது டோரதி."

"முடியாதுதான். ஆனா உங்களை விட்டா அதைப் பயமுறுத்தாம கூப்பிட ஆள் இல்லியே."

டப்பாவைக் கையில் கொடுத்தது டோரதிதான்.

ஏசி அறையில் திரை இழுத்துவிட்டிருந்தது. டாக்டரிடம் எடுத்துப்போகிற சின்னப் பெட்டி, கதவு திறந்தபடி, தரையில் இருந்தது. சுவரோரம் ஆயத் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷோயப் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தயாராக நின்றார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஹென்றி வழக்கமான இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். கட்டிலுக்குப் பின்னாலிருந்து மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒரே ஒரு தடவை அவர் தட்டி ஒன்று வராமல் இருந்தால். பிறகு நகத்தால் மூன்று தட்டுத் தட்டினார்.

வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, தாடையெல்லாம் எச்சில் ஒழுக வந்தது. தின்ன முடியாது என்று அதற்குத் தெரியும், ஆனாலும் வந்தது. அவர் முழங்கால்வரை வந்து, சட்டைப் பை எட்டாமல் நின்று, மேலே பார்த்தது. ஹென்றி கையைப் பெட்டிக்குள் நீட்டி உள்ளங்கையை விரித்தார். மல்மல் தானே நடந்து பெட்டிக்குள் போய், அவர் கையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. சத்தம் கேட்டு சாட்டினும் எங்கிருந்தோ ஓடிவந்து அதே பெட்டிக்குள் தலையை நுழைத்தது. அதை மெதுவாக விலக்கிவிட்டு, ஹென்றி கையை உருவிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"இது எத்தனாவது தடவை அங்கிள்?" என்றாள் ஆயத். "திறந்து விட மாட்டீங்களா?"

"இல்ல பாப்பா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் எதையும் மறப்பதில்லை. "காலேஜ்ல இருந்த முயல் எல்லாம்?"

ருக்சார் மகளை அதட்ட வந்தாள். ஹென்றி தடுத்தார். "கேக்கட்டும்மா. அதுங்களையும் இப்டித்தான் பாப்பா. நான் தட்டுவேன், அதுங்க வரும். எல்லாத்தையும் சாவத்தான் கூப்ட்டேன். உங்கிட்ட அன்னிக்கி பொய் சொன்னேன்."

மருத்துவமனையில் வேறு யாரையும் பிடிக்க விடாமல் அவரே பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த பிடியைப் பார்த்து மருத்துவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். ஊசி ஏறியது தெரியாத பிடி. கடைசிவரை அது அவர் கையைக் கடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஹென்றி கைநிறையப் பச்சை வாசம் மாறாத காய்ந்த புல்கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு அந்த வீட்டுக்குப் போனார். மருத்துவரே இடம் சொல்லி வாங்கியது. சாட்டினையாவது கடலையிலிருந்து புல்லுக்கு மாற்றிவிட வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், புல்லையே கையால் கொடுத்துப் பழக்க வேண்டும், இரண்டு மாதம் ஆகும்.

கதவைத் திறந்தது ஆயத். புல்கட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு இன்னொரு கையையும் நீட்டினாள்.

"டப்பாவும் குடுங்க அங்கிள்."

கொடுத்தார்.

"புல்லு எப்படிப் பழக்கணும்னு டாக்டர் ஆன்ட்டிகிட்ட அம்மா கேட்டுட்டாங்க. இனிமே நீங்க சாட்டினைக் கூப்பிடாதீங்க. நான் கூப்பிட்டுக்கறேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள். உள்ளிருந்து ருக்சார் "யாரு ஆயத்?" என்று கேட்டுக்கொண்டே வருவதற்குள், "சரி பாப்பா" என்று ஹென்றி திரும்பிவிட்டார். ருக்சார் வந்தால் உள்ளே கூப்பிடுவாள், டீ போடுவாள், அழுவாள். இதில் அந்தப் பெண் சொன்னதுதான் நியாயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது மாடிப் படியில் இறங்கும்போது மேலே டப்பாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிஞ்சு நகம், தட்டு சரியாக விழவில்லை. அவள் மறுபடி தட்டினாள். ஹென்றி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அது வந்ததா இல்லையா என்று தெரியாமலேயே இறங்கிப் போனார்.